வைரஸ் தொற்றுக்குப் பின் மூச்சுத் திணறல்: நுரையீரலா, மூச்சுத் தசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சளிக்காய்ச்சல் வைரஸ்கள் பலவும் நுரையீரலைத் தாக்கும். ஆனால் தொற்று தணிந்த பிறகும் மூச்சு ஏன் வாங்குகிறது என்பதை மிக விரிவாக ஆராய வைத்தது கொரோனா. அதனால் இந்தப் பக்கத்தில் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். கடுமையான இன்ஃப்ளூயன்சா நிமோனியாவிலிருந்து மீண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வைரஸ் நுரையீரலுக்குள் போய் என்னதான் செய்கிறது?

நுரையீரலின் கடைக்கோடியில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை மெல்லியது, அதன் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போகிறது. இரண்டாம் வகை, சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருளைச் சுரக்கிறது. மூச்சை வெளியே விடும்போது காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது இந்தப் பொருளால்தான். கொரோனா வைரஸ் நுழையப் பயன்படுத்தும் ஏ.சி.இ.2 என்ற வாயில் இந்த இரண்டாம் வகைச் செல்லில் இருக்கிறது.

அந்தச் செல் அழிந்தால் சர்ஃபாக்டன்ட் குறையும், காற்றுப்பை சுருங்கி மூடிக்கொள்ளும். அழற்சியால் இரத்தக் குழாயிலிருந்து நீரும் புரதமும் கசிந்து பைக்குள் நிரம்பும். நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகளும் உருவாகும். மொத்தத்தில் நுரையீரல் கனத்து, விறைத்துப்போகும். விறைத்த நுரையீரலை விரிக்க ஒவ்வொரு மூச்சுக்கும் தசைகள் பல மடங்கு உழைக்க வேண்டும். மூச்சுத் தசைகள் தளரும் இரண்டாவது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சி.டி. ஸ்கேனில் "25க்கு 16" என்று போட்டிருக்கிறார்கள். நுரையீரலில் 64 சதவீதம் போய்விட்டதா?

இல்லை. நுரையீரலில் ஐந்து மடல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 5 சதவீதத்துக்குள் பாதிப்பு என்றால் 1, பாதிக்கு மேல் முக்கால் வரை என்றால் 4, முக்கால் பங்குக்கு மேல் என்றால் 5. கூட்டினால் 25. ஆகவே இது சதவீதம் ஆகாது. பாதிக்கப்பட்ட பகுதி செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை, வீங்கி நீர் கோத்திருக்கிறது என்றுதான் பொருள். மூச்சுத் தசைகளின் நிலை பற்றி இந்த மதிப்பெண் எதுவும் சொல்லாது.

மூச்சுத் தசைகள் என்றால் எவை?

நுரையீரலுக்குச் சொந்தமாக விரியும் சக்தி கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். ஓய்வில் எடுக்கும் மூச்சில் பெரும்பங்கு வேலை அதனுடையது. அதை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து கிளம்பி இதயத்தின் ஓரமாக இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் துணைக்கு இருக்கின்றன. கழுத்துத் தசைகள் அவசரத்துக்கு மட்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கழுத்துத் தசைகள் புடைத்துத் தெரிந்தால், உதரவிதானம் தன் வேலையைச் செய்து முடிக்க முடியவில்லை என்று அர்த்தம். இருமலுக்கு வயிற்றுத் தசைகள் வேண்டும். அவை தளர்ந்தால் சளி வெளியே வராமல் தேங்கி, மறுபடி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இந்தத் தசைகள் ஏன் பலவீனமாகின்றன?

வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு முதல் காரணம், வேலையில்லாமை. இயந்திரமே முழுக்க மூச்சு விட்டால் உதரவிதானம் சும்மா கிடக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் வரை அப்படிச் சும்மா கிடந்த உதரவிதானங்களில் தசை நார்களின் குறுக்குப் பரப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை! கை, கால் தசைகளைவிட இது வேகமாக இளைக்கிறது. நோயாளி ஓரளவு தானாக மூச்சு விடும்படி இயந்திரத்தைச் சீக்கிரமே மாற்றி வைக்க மருத்துவர்கள் முயல்வது இதனால்தான்.

இதோடு சேர்வன: உடல் முழுதும் பரவிய அழற்சி, தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்துகள், சாப்பாடு இறங்காத நாட்கள், பாஸ்பேட்டும் பொட்டாசியமும் குறைவது. அடுத்து ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்பது உயிர் காத்த சிகிச்சை. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு அதை நிரூபித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று அதே ஆய்வு காட்டியது. ஆனாலும் லேசான காய்ச்சலுக்கே வாரக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். பலன் எதுவும் இல்லாமல் தொடையும் இடுப்பும் தளர்ந்து, சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

வைரஸ் நேரடியாகத் தசையைத் தொடுவதும் உண்டு. தீவிர சிகிச்சையில் இறந்த கொரோனா நோயாளிகளின் உதரவிதானத்தைச் சோதித்தபோது சிலரிடம் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. இருந்தது. தசைக்கிடையே நார்த்திசுவும் கூடியிருந்தது. உதரவிதான நரம்பு ஒரு பக்கம் செயலிழந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆக்சிஜன் 98, எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். சரியா?

அப்படிச் சொல்லி அனுப்புவது தவறு. ஆக்சிஜன் அளவும் எக்ஸ்ரேயும் காற்றுப்பையின் கதையைச் சொல்பவை. மூச்சு வாங்குவதன் மறுபாதி, காற்றை இழுக்கும் தசைகளின் பலத்தில் இருக்கிறது. தசை பலம் பாதியாகக் குறைந்தாலும் ஓய்வில் ஆக்சிஜன் அளவு இயல்பாகவே இருக்கும்.

தசைப் பலவீனத்துக்கென்று சில அடையாளங்கள் உண்டு. மல்லாந்து படுத்தவுடன் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் உடனே சரியாவது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் திணறுவது. குனிந்து செருப்பு மாட்டும்போது, கோலம் போடும்போது, கைகளை உயர்த்தித் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது திணறுவது. நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்துவது. காலையில் தலைவலியோடு எழுவது, பகலெல்லாம் தூக்கம்: இரவில் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதன் குறி இது.

வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, தொப்புளுக்கு மேல் உங்கள் உள்ளங்கையை லேசாக வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழ வேண்டும். மார்பு எழும்பி, வயிறு உள்வாங்கினால் உதரவிதானம் மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது என்று பொருள். அதை மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

லேசாகத் தொற்று வந்து போனவர்களுக்கு உதரவிதானம் பழுதாவது அரிது. அவர்களுக்குப் பெரும்பாலும் படுக்கையால் வந்த உடல் தளர்ச்சியும், மேல் மார்பால் சிறிது சிறிதாக வேகமாக மூச்சு விடும் பழக்கமும் காரணமாக இருக்கும். இவையும் உடலில் நடப்பவைதான், பயிற்சியால் சரியாகும்.

எந்தப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டும்?

ஊதும் காற்றின் அளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் தொடங்கலாம், ஆனால் உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு முறை ஊதச் சொல்லுங்கள். ஆரோக்கியமானவருக்குப் படுத்தால் கொள்ளளவு 10 சதவீதத்துக்குள்தான் குறையும். 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் உதரவிதானம் இரண்டு பக்கமும் பலவீனம் என்று சந்தேகிக்க வேண்டும். கூடுதல் செலவு இல்லாத இந்த இரண்டாவது ஊதல் பல இடங்களில் விட்டுப்போகிறது.

அடுத்தது எம்.ஐ.பி. எனப்படும் அதிகபட்ச உள்மூச்சு அழுத்தம். அடைத்த குழாயில் முழு பலத்தோடு உறிஞ்ச வேண்டும். ஆணுக்கு 80, பெண்ணுக்கு 70 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டினால் பெரிய பலவீனம் இல்லை என்று கொள்ளலாம். எண் குறைவாக வந்தால் உதட்டோரம் காற்று கசிந்ததா என்று பார்த்து மறுபடி செய்ய வேண்டும். முகத்தசை தளர்ந்தவர்களுக்கும் புரியாமல் உறிஞ்சுபவர்களுக்கும் பொய்யாகக் குறைந்த எண் வரும்.

அல்ட்ராசவுண்டில் உதரவிதானத்தை நேரே பார்க்கலாம். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது அதன் தடிமன் 20 சதவீதம்கூடக் கூடாவிட்டால் அந்தப் பக்கம் ஏறக்குறைய செயலிழந்திருக்கிறது. காற்றுப்பைச் சுவரின் நிலையை அறிய டி.எல்.சி.ஓ. என்ற வாயுப் பரிமாற்றச் சோதனை இருக்கிறது. எக்ஸ்ரே தெளிந்த பிறகும் இது குறைவாக வரலாம். இரத்தசோகை, தைராய்டு, இதய எக்கோ மூன்றையும் கூடவே பார்த்துவிட வேண்டும். மூச்சு வாங்குவதற்கு அவையும் காரணமாகலாம்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது?

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரலாக, ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலில் மாட்டுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கையை மார்பில் வைத்து அசையாமல், எண் நிலைபெறும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் மின்னும் எண்ணை எழுதாதீர்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே 94 என்று வந்து ஆள் சோர்ந்திருந்தால் எண்ணை நம்பாமல் ஆளை நம்புங்கள்.

நடந்து பார்க்கும் சோதனை: வீட்டுக்குள் சமதளத்தில் ஆறு நிமிடம் இயல்பாக நடக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முடிவில் 94க்குக் கீழே போனாலோ, முன்பிருந்ததைவிட 3 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓய்விலேயே 94க்குக் கீழ் இருப்பவர் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மூன்று பந்துக் கருவியை வீட்டுக்கு வரும்போது கொடுத்தார்கள். எப்படிச் செய்வது?

ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வதால் இதைத்தான் முதலில் சொல்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, குழாயைச் சுற்றி உதட்டை இறுக்கிச் சீராக உறிஞ்சுங்கள். பந்துகளில் 600, 900, 1200 என்று எழுதியிருப்பது நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று போகிறது என்ற வேகம். வெடுக்கென்று உறிஞ்சி மூன்றையும் ஒரு கணம் தூக்குவதில் லாபமில்லை. முதல் பந்தை மூன்று நொடி மேலேயே நிறுத்தினால்தான் மூடிய காற்றுப்பைகள் திறக்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை பத்து மூச்சு. தலைசுற்றினால் நடுவே இடைவெளி விடுங்கள். கருவியை ஒருவர் மட்டும் பயன்படுத்த வேண்டும், வாய்க்குழாயைத் தினமும் சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

இந்தக் கருவி நுரையீரலை விரிக்கும், ஆனால் தசைக்குப் பெரிய பலம் தராது. எதிர்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் தசையைப் பலப்படுத்த என்ன வழி?

ஸ்பிரிங் வைத்த உள்மூச்சுத் தசைப் பயிற்சிக் கருவி. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு உறிஞ்சினால்தான் அதன் வால்வு திறக்கும். எம்.ஐ.பி. எண்ணில் 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். ஒருவருக்கு எம்.ஐ.பி. 50 என்றால் கருவியை 15இல் வைக்க வேண்டும். காலை 30 மூச்சு, மாலை 30 மூச்சு, வாரத்தில் ஐந்தாறு நாள், ஆறு முதல் எட்டு வாரம். மூக்கில் கிளிப் போட்டு, பலமாக உள்ளே இழுத்து, நிதானமாக வெளியே விடுங்கள். "ஓரளவு கஷ்டம், ஆனால் முடிகிறது" என்ற அளவில் இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் வாரம் ஒரு முறை சிறிது ஏற்றுங்கள். எண்ணை அளக்காமல் கண்மூடித்தனமாக உயர்த்தி வைத்தால் தோள் உயர்த்திக் கழுத்தால் இழுப்பார்கள். உதரவிதானத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்கள், பெரிய காற்றுக் குமிழிகள் ஸ்கேனில் இருப்பவர்கள், அண்மையில் காது அறுவை செய்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

கருவி வாங்க முடியாதவர்கள் வயிற்று மூச்சில் தொடங்கலாம். முழங்காலை மடக்கிப் படுத்து, ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் எழ வேண்டும். உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. கூடவே நடையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் வேண்டும். தொடை பலம் திரும்பாமல் மூச்சு வாங்குவது நிற்காது.

பலூன் ஊதலாமா? ஆவி? கற்பூரம், ஓமம் முகர்வது?

பலூன் வேண்டாம். வெளிமூச்சைத் தடைக்கு எதிராகத் தள்ளும்போது நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறும், நைந்த பகுதி கிழிந்து காற்று கசியலாம். ஆவி மூக்கடைப்புக்குச் சற்று இதம், காற்றுப்பை வரை அது போகாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தவர்கள் உண்டு, குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. கற்பூரமும் ஓமமும் இரத்த ஆக்சிஜனை ஒரு புள்ளிகூட ஏற்றாது. குளிர்ச்சியான உணர்வு தருவதால் மூச்சு சீரானதுபோல் தோன்றும். அந்த நம்பிக்கையில் மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பதுதான் ஆபத்து. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பே வரும்.

குப்புறப் படுப்பது எப்போது, எப்படி?

தொற்று இருக்கும்போது ஆக்சிஜன் 94க்குக் கீழே போய், மருத்துவமனைப் படுக்கைக்குக் காத்திருக்கும் நேரத்தில் இது கைகொடுக்கும். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. கவிழ்ந்து படுத்தால் அந்தப் பகுதி திறக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் பகுதிக்கு இரண்டு. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்து வலப்பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்தல், பிறகு இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் வேண்டாம். கர்ப்பிணிகள், கடும் இதய நோயாளிகள், முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு முறிவுள்ளவர்கள், காலின் இரத்தக் குழாயில் இரண்டு நாளுக்குள் இரத்தம் உறைந்தவர்கள் செய்யக் கூடாது.

அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிப்பது?

குளிக்கும்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருங்கள், கதவைத் தாழிடாதீர்கள். குந்தி உட்காரும் கழிப்பறையில் வயிறு அழுந்தி உதரவிதானம் மேலே தள்ளப்படும். சில வாரங்களுக்கு நாற்காலி வகைக் கழிப்பறையோ, துளை போட்ட நாற்காலியோ வைத்துக்கொள்ளுங்கள். முக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். படி ஏறும்போது வெளிமூச்சில் ஏறி, உள்மூச்சில் நில்லுங்கள். மூச்சு வாங்கினால் மேசையில் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாயுங்கள், கைகள் ஊன்றியிருந்தால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவும். வேலையைக் காலை, மதியம், மாலை என்று பிரியுங்கள். ஒரு நாள் நன்றாக இருக்கிறதென்று முழு வீட்டையும் ஒழித்துக் கழுவி, மறுநாள் எழ முடியாமல் கிடந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

சாப்பாடு?

கஞ்சியும் இட்லியும் மட்டும் கொடுத்தால் தசை திரும்பாது. எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, சமைத்த கோழி 100 கிராமில் 25க்கு மேல், வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9. வயிறு நிறைந்தால் மூச்சு முட்டும், அதனால் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது. எதில் கவனம்?

எத்தனை லிட்டர் என்பது மருத்துவர் எழுதியபடிதான். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, பீடி எதுவும் அந்த அறையில் கூடாது. ஈரப்படுத்தும் பாட்டிலில் காய்ச்சி வடிகட்டிய நீர், தினமும் மாற்றுங்கள். ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி உலர்த்துங்கள். சுவரை ஒட்டி வைத்தால் இயந்திரம் சூடாகி நின்றுவிடும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்து, ஒரு சிலிண்டரைத் தயாராக வையுங்கள்.

நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது என்கிறார்கள். நிரந்தரமா?

முதல் மாத ஸ்கேனில் தெரியும் கோடுகளில் கணிசமானவை முழு நார்த்தழும்பு அல்ல, ஆறிக்கொண்டிருக்கும் அழற்சி. மூன்று மாதம் கழித்து ஸ்கேனும் மூச்சுச் சோதனையும் செய்த பிறகுதான் பேச முடியும். பலருக்கு ஓராண்டு வரை முன்னேற்றம் தொடர்கிறது. சிலருக்கு, குறிப்பாக வென்டிலேட்டரில் நீண்ட நாள் இருந்த முதியவர்களுக்கு, ஒரு பகுதி தங்கிவிடும்.

வென்டிலேட்டர் எடுத்துச் சில வாரம் கழித்து, மூச்சிழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வருகிறது.

குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழல் தழும்பேறிக் குறுகியிருக்கலாம். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்துப் பலன் இல்லாமல் மாதங்கள் ஓடுவது நடக்கிறது. ஆஸ்துமா விசில் பெரும்பாலும் வெளிமூச்சில் மார்பில் கேட்கும், இது உள்மூச்சில் கழுத்தில் கேட்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டி, குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்?

ஓய்வில் ஆக்சிஜன் 90க்குக் கீழ், நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல், உதடு நீலம், குழப்பமான பேச்சு: உடனே. திடீரென்று மூச்சு முட்டி மார்பில் குத்தினால் நுரையீரலில் இரத்தக் கட்டியோ காற்றுக் கசிவோ இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் கட்டியின் சந்தேகம் கூடும்.

இன்னொன்று எளிதில் தவறவிடப்படுவது. காய்ச்சல் விட்ட ஓரிரு வாரங்களில் பாதம் மரத்து, கால்கள் தளர்ந்து, பலவீனம் மேலேறி வந்தால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். நரம்புகள் செயலிழந்து மூச்சுத் தசைகளும் நின்றுபோகலாம். இதில் ஆக்சிஜன் எண் கடைசியில்தான் விழும், 97ஐப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கிளம்பும்போதும் போகும் வழியிலும், ஆழ்ந்து மூச்சிழுத்து நொடிக்கு இரண்டு எண் வேகத்தில் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். முதலில் 35 வரை எண்ணியவர் பிறகு 18இல் நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள், அந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.